தொட்டி விவகாரம்

அப்பன்திருப்பதி
ஐப்பசி 10

அன்புள்ள சரசு,

நாலு மாசமாக நீ அனுப்பிய ‘என்னடி ஆச்சு?’வுக்கெல்லாம் கட்டைவிரல் படத்தை மட்டும் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். கோபப்பட்டிருப்பாய். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உன் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்பார், முடிவில் “அன்னைக்கே சொன்னேன்ல” என்பார். அந்த ஒரு வார்த்தையைத் தாங்குகிற தெம்பு எனக்கு இல்லை. அதனால்தான் காகிதம். இதையும் அவர் வாங்கிப் படிப்பார் என்று தெரியும். அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிக்கொள்ளச் சொல்.

முதலில் ஊர்ச் சேதி. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. சின்னவளுக்கு மறுபடியும் பையன், ஐந்தாம் மாசம், உருண்டையாக இருக்கிறான். குண்டுமணிக்குக் கண் ஆபரேஷன் ஆகி நன்றாகத் தெரிகிறது. அதுதான் பிரச்சினை, வருகிறவள் போகிறவள் சேலையில் எல்லாம் கறை கண்டுபிடிக்கிறாள். ஹாஸ்டல் வார்டன் இறந்துவிட்டார்களாம், உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு ஏனோ ரெண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நாம் அவர்களுக்குச் செய்ததற்கு அழக்கூட யோக்கியதை இல்லை.

சரி, தொட்டிக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அதை நீச்சல் குளம் என்று யாரும் சொன்னதில்லை. வீட்டில் தொட்டி, ஊர்க்காரர்களுக்கு ‘அம்மா வீட்டுத் தெப்பம்’. 2014-ல் அவர் முதுகுக்காகக் கட்டினது. இருபதுக்குப் பன்னிரண்டு அடி, ஆழம் நாலடி. அவர் போன பிறகு ரெண்டு வருஷம் பாசி பிடித்துத் தவளை குடித்தனம் நடத்தியது. நானும் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு என் முழங்காலைப் பார்க்கிற பிசியோதெரபிப் பெண் சொன்னாள்: “தண்ணிக்குள்ள நடங்கம்மா. இடுப்பளவு தண்ணியில நின்னா உடம்பு பாரத்துல பாதிதான் காலுக்கு வரும்.” வீட்டிலேயே தொட்டியை வைத்துக்கொண்டு மாடிப்படியில் முக்கிக்கொண்டிருப்பானேன் என்று தோன்றியது. அப்படித்தான் இந்தக் கான்ட்ராக்டர் வாசலுக்கு வந்தான்.

அவன் கைப்பட எழுதிக் கொடுத்த கொட்டேஷன் இப்போது எனக்கு மனப்பாடம். பழைய டைல்ஸ் முழுவதும் கொத்தி எடுத்தல். கழிவு அள்ள டிராக்டர் 4 நடை. வாட்டர் ப்ரூஃப் ரெண்டு கோட். ஏழு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்தல். அதன்மேல் புது டைல்ஸ், எபாக்சி ஜாயின்ட். சுவரும் தரையுமாக ஐநூறு சதுர அடி, 2,40,000 ரூபாய். பில் கேட்டேன். “பில்லுன்னா பதினெட்டு பெர்சென்ட் கூட வருமேம்மா” என்றான். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், பதினெட்டு சதவீதத்தை மிச்சம் பிடித்துவிட்டதாக நினைத்துச் சரி என்றேன். என் புத்தியை என்ன சொல்ல!

இனிமேல்தான் உன் பங்கு வருகிறது. மே மாசம் உன் வீட்டுக்கு வந்து, ‘இன்னும் நாலு நாள் இருடி, இன்னும் ரெண்டு நாள் இருடி’ என்று நீ பிடித்து வைத்துப் பதினோரு நாள் சீட்டாடினோமே, அந்தப் பதினோரு நாளில்தான் ‘கொத்தி எடுத்தல்’ நடந்தது. அதாவது, நடக்கவில்லை. அவன் வாட்ஸப்பில் படம் அனுப்பினான், ஞாபகம் இருக்கிறதா? சுவரெல்லாம் அம்மை போட்ட முகம் மாதிரி குழி குழியாக. நீ கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, “நல்லாத்தான்டி கொத்தியிருக்கான்” என்று சர்டிஃபிகேட் வேறு கொடுத்தாய். அதை நம்பி உன் கட்டிலில் உட்கார்ந்தபடியே எண்பதாயிரம் ஜிபே பண்ணினேன்.

ஜூன் மாசம் தண்ணீர் நிறைத்தோம், இருபத்தேழாயிரம் லிட்டர். முதல் ரெண்டு வாரம் சொர்க்கம்டி, பொய் சொல்ல மாட்டேன். விடியற்காலை அஞ்சரைக்கு நைட்டியோடு இறங்கி இங்கிட்டும் அங்கிட்டும் நடப்பேன். மலைப்பக்கம் மயில் அகவும். கால் வலியே தெரியாது. ஒருநாள் யாரும் இல்லை என்று மல்லாக்கப் படுத்துப் பார்த்தேன். மிதந்தேன். அறுபத்திரண்டு வயசில் முதல் தடவையாக, ஒரு எட்டு விநாடி.

மூன்றாம் வாரம் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. “வெயிலுக்கு ஆவியாப் போகுதும்மா” என்றான். உன் வீட்டுக்காரர் எப்போதோ சொன்ன வாளி வேலையை அப்போதுதான் செய்து பார்த்தேன் (இதை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டு). தொட்டிப் படியில் ஒரு எவர்சில்வர் வாளியை வைத்து, உள்ளே ஒரு செங்கல் போட்டு, வெளியே எவ்வளவு மட்டமோ அதே மட்டத்துக்கு வாளிக்குள்ளும் தண்ணீர். ரெண்டிலும் கண்மையால் கோடு. வெயில் குடித்தால் ரெண்டையும் ஒரே மாதிரிதானே குடிக்கணும்? மறுநாள் அதே நேரத்துக்குப் பார்த்தால் வாளியில் கால் அங்குலம்கூடக் குறையவில்லை. தொட்டியில் ரெண்டு அங்குலம். கணக்குப் போட்டேன். இந்தத் தொட்டியில் ஒரு அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 570 லிட்டர். தினமும் ஆயிரம் லிட்டர் பூமிக்கு தானம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

வாளிக் கதையைச் சொன்னதும் அவன் கட்சி மாறினான். போர் தண்ணீர் உப்பு என்றான். நான் ஆசிட் ஊற்றிக் கழுவியிருப்பேன் என்றான். பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டதால் ஊற்று வந்து தள்ளிவிட்டது என்றான். ஊற்று வந்தால் தண்ணீர் ஏறணுமா இறங்கணுமா? தவிர, அப்போது கள்ளந்திரிப் பக்கம் கால்வாய்க்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கடைசியாக ஒன்று சொன்னான் பார்: “நாயக்கர் கட்டுன வண்டியூர் தெப்பக்குளத்துலயே தண்ணி நிக்காம வருஷக்கணக்கா பையங்க கிரிக்கெட் வெளையாடலையாம்மா?” அது வைகைத் தண்ணீர் வருகிற வழி அடைபட்டதால் காய்ந்ததுடா, நாயக்கர் உன்னை வைத்துக் கட்டினதால் இல்லை என்றேன். சிரிக்கிறான்.

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். காலையில் இறங்கப் போனால் ஆழப்பக்கச் சுவரில் நாலு டைல்ஸ் சேர்ந்தாற்போல் உரிந்து கீழே கிடந்தது. அந்த இடத்தில் சிமெண்டு தெரியணும் இல்லையா? தெரியவில்லை. பழைய டைல்ஸ் தெரிந்தது. அந்த நீலம். அவர் மாசி வீதிக் கடைகள் எல்லாம் அலைந்து, ஒத்து வரவில்லை என்று திண்டுக்கல் வரைக்கும் போய் வாங்கி வந்த மயில்கழுத்து நீலம், ஒரு கீறல் இல்லாமல், பாசியைக்கூடச் சுரண்டாமல், அப்படியே. கையால் தொட்டால் வழுவழு என்று இருக்கிறது. அதன்மேல் போய் எந்தக் கலவை ஒட்டும்?

அழுவேன் என்றுதானே நினைக்கிறாய்? சிரிப்புத்தான் வந்தது. “நான் இங்கனதான இருக்கேன்” என்று அவர் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. அழுகை சாயங்காலம் வந்தது, அது வேறு கணக்கு.

அப்புறம்தான் அந்தப் படங்களைப் பெரியவள் பெரிதுபண்ணிப் பார்த்தாள். குழி குழியாக இருந்த சுவருக்குப் பக்கத்தில் படிக்கட்டு வலது பக்கம் இருக்கிறது. நம் தொட்டிக்கு இடது பக்கம். வேறு யார் வீட்டுத் தொட்டியையோ காட்டிக் காசு வாங்கியிருக்கிறான்! கண்ணாடி போட்டுப் பார்த்த உனக்கும் தெரியவில்லை, தினமும் அதில் இறங்குகிற எனக்கும் தெரியவில்லை. இதில் டிராக்டர் நடை நாலுக்குத் தனியாகப் பன்னிரண்டாயிரம். கொத்தாத கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டினான் என்று கேட்கணும்.

இதெல்லாம்கூடப் போகட்டும் சரசு. ஏமாற்றுகிறவன் ஏமாற்றுவான். என்னைத் தின்கிறது வேறொன்று. போன் பண்ணும்போதெல்லாம் கடைசியில் ஒன்று கேட்பான்: “வீட்ல சார் யாரும் இருந்தா குடுங்கம்மா, பேசிக்கிறேன்.” சார் படத்தில் இருக்கிறார், மாலை போட்டிருக்கிறது, பேசிக்கோ என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு என்னிடம் பேச்சையே விட்டுவிட்டு, நேரே நரிமேட்டுக்குப் போய் என் கொழுந்தனைப் பிடித்திருக்கிறான். ரெண்டு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். கொழுந்தன் நாற்பதாயிரத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு ஸ்வீட் பாக்ஸோடு வருகிறான். “மதினி, பேசி முடிச்சிட்டேன். மிச்சம் இருக்குற இருபத்தஞ்சாயிரத்தையும் அவன் கேக்க மாட்டான். நமக்கு எதுக்கு வம்பு? தொட்டிய மண்ணு போட்டு மூடிட்டு வாழைய வைங்க.”

வாழை வைக்கணுமாம்.

நான் கொடுத்த பணம், என் பென்ஷன். இறங்குகிறது என் கால். மிதந்தது நான். முடிக்கிறது இவர்களா? கவரைத் திருப்பிக் கொடுத்தேன், ஸ்வீட்டை வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவன் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. “அண்ணன் இருந்திருந்தா இப்படிப் பிடிவாதம் பிடிக்க விட்டிருப்பாரா” என்று ஊரெல்லாம் சொல்கிறானாம். அண்ணன் இருந்திருந்தால் முதல் நாளே கடப்பாரையைத் தூக்கியிருப்பார் என்பது அவனுக்குத் தெரியும்.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்தார், தனியாக, டிவிஎஸ் ஃபிப்டியில். வெள்ளைத் தலை, நம்மைவிட ரெண்டு வயசு கூட இருக்கும். ஒன்றும் பேசாமல் தொட்டியில் இறங்கி, ஒரு ரூபாய்க் காசை வைத்து ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டே போனார். ஒட்டியிருப்பது ‘டிக்’ என்கிறது. பொள்ளலாக இருப்பது ‘டொக்’ என்கிறது, தேங்காயைத் தட்டின மாதிரி. பத்துக்கு ஏழு டொக். ஏறி வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “பழசு மேல ஒட்டுனா நிக்காதுன்னு சொன்னேம்மா. ‘வயசான அம்மா, நீச்சலா அடிக்கப் போகுது, பார்வைக்குத்தானய்யா’ன்னாரு. எனக்கு அன்னன்னைக்குக் கூலி.” காபி கொடுத்தேன். போகும்போது, “மழைக்காலம் வருதும்மா, கோவத்துல முழுசாத் தண்ணிய எறைச்சுப் போடாதீக. அடியில ஈரம் ஏறுனா காலித் தொட்டியத் தூக்கிவிட்டுரும். பாதி நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். இதைக்கூட எனக்கு அவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது பார். இப்போது பாதித் தண்ணீரில் தவளைகள் திரும்பவும் பால் காய்ச்சிவிட்டன.

அவர் வந்து சாட்சி சொன்னால் என் பக்கம் கல்லில் எழுதின மாதிரி. ஆனால் நாளைக்கு இந்தப் பக்கத்தில் எந்தக் கான்ட்ராக்டர் அவரைக் கூப்பிடுவான்? பேத்தியை நர்சிங் படிக்க வைக்கிறாராம். நான் அவரை இழுக்கப் போவதில்லை. நீ சரி என்பாயா தப்பு என்பாயா தெரியவில்லை, எழுது.

நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். விசாரித்துவிட்டேன். சேவைக்குக் கொடுத்த பணம் ஐம்பது லட்சம் வரை என்றால் மாவட்டத்திலேயே பார்ப்பார்கள். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். வக்கீல் வைத்துத்தான் ஆகணும் என்று இல்லை, நானே நின்று பேசலாம். கணக்கு டீச்சருக்கு நிற்பதும் பேசுவதும் புதுசா? பில் இல்லாதது என் தலையெழுத்து. ஆனால் கொட்டேஷன் அவன் கையெழுத்தில் இருக்கிறது, ஜிபே வரிசையாக இருக்கிறது, வாட்ஸப்பில் அந்த ஊரான் வீட்டுத் தொட்டியும் இருக்கிறது. ஒரு வக்கீல் கமிஷனரை அனுப்பிப் பார்க்கச் சொல்லி மனுவிலேயே கேட்கப் போகிறேன். வருகிறவர் ரெண்டு டைல்ஸைப் பெயர்த்தால் போதும், அந்த நீலமே பேசிவிடும்.

முதலில் ரிஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். பதில் போன வாரம் வந்தது, வக்கீல் வைத்து. அதில் மூன்றாவது பாராவைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். ‘மேற்படி பழைய ஓடுகளைக் கொத்தி எடுக்கும் பணி நடைபெற்ற நாட்கள் முழுவதும் தாங்கள் உடனிருந்து பார்வையிட்டுத் திருப்தி தெரிவித்துள்ளீர்கள்.’

உடனிருந்தேனாம். நான் எங்கேடி இருந்தேன்? உன் வீட்டுக் கூடத்தில் ரம்மியில் தோற்றுக்கொண்டிருந்தேன். நீ அன்றைக்கு ஒரு படம் எடுத்தாயே, நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட ஆட்ட, தலையில் மருதாணி அப்பி, மேலே பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு, கையில் பதிமூன்று சீட்டோடு. அழிக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினேன். நீ அழித்திருக்க மாட்டாய், உன் சத்தியம் எனக்குத் தெரியும். பின்னால் சுவரில் அந்த நாள்காட்டிகூட விழுந்திருக்கும். அந்தப் படம் வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பாதே, தேதி போய்விடும் என்கிறாள் பெரியவள். எடுத்தது எடுத்தபடி மெயிலில் அனுப்பு. உன் மருமகனைச் செய்யச் சொல், உன் வீட்டுக்காரரிடம் கொடுக்காதே, தலையை வெட்டி அனுப்பிவிடுவார்.

பிளாஸ்டிக் கவரோடேயே இருக்கட்டும்.

உன்
ராஜி