நீர்ச் சுழற்சிப் படத்தைக் கடைசியில் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் நீர்ச் சுழற்சி பற்றி வந்த பக்கத்தைப் பார்த்தேன். அச்சு அருமை. கடல் நீலமும் மலைப் பச்சையும் கண்ணைப் பறித்தன. ஆனால் மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு நெடுங்காலம் பாடம் எடுத்தவள் என்ற முறையில் எனக்கு அந்தப் பக்கத்தோடு ஒரு வழக்கு உண்டு. பாடத்தின் முடிவில் வரவேண்டிய படம் முதலிலேயே வந்துவிடுகிறது.

கடலிலிருந்து மேலே ஓர் அம்பு, மேகத்திலிருந்து மலைக்கு ஓர் அம்பு, மலையிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து மறுபடியும் கடல். இதைப் பார்த்த குழந்தை கொஞ்ச நேரத்தில் 'ஆவியாதல், ஆவி சுருங்குதல், மழைப்பொழிவு' என்று ஒப்பித்துவிடும். தேர்வில் முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடும். அதே குழந்தையிடம், ஈரத்துணியால் துடைத்த கரும்பலகையில் இருந்த தண்ணீர் எங்கே போச்சு என்று கேளுங்கள். 'பலகை குடிச்சிடுச்சு டீச்சர்' என்று சொல்லும். விளையாட்டுக்குச் சொல்வதில்லை, யோசித்துத்தான் சொல்கிறது. மண் தண்ணீரை உறிஞ்சுவதை அது கண்ணால் பார்த்திருக்கிறதே!

அதனால் நான் எவர்சில்வர் தட்டில்தான் தொடங்குவேன். ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு, தட்டு தண்ணீர் குடிக்குமா என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும். உடனே அடுத்த பதில் தயாராகிவிடும்: சூரியன் உறிஞ்சிடுச்சு. சரி என்று தட்டை வெயிலே படாத அலமாரிக்கு மேல் வைப்போம். அங்கேயும் தண்ணீர் காய்ந்துபோகும், மெதுவாக. தண்ணீர் ஆவியாக 100 டிகிரி வேண்டும் என்று பிள்ளைகள் மட்டுமா நினைக்கிறார்கள், பெற்றோரில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். 100 டிகிரி என்பது கொதிப்பதற்கு. ஆவியாவது எந்த வெப்பநிலையிலும் நடக்கும். வெயிலும் காற்றும் அதை வேகப்படுத்தும், அவ்வளவுதான்.

இதைவிடக் கடினமான இடம் ஒன்று உண்டு. ஐஸ் போட்ட கண்ணாடி டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? 'உள்ளேயிருந்து கசிஞ்சுது' என்பார்கள். தண்ணீரில் சிவப்பு மையைக் கலப்போம். வெளியே படிந்த துளிகள் நிறமில்லாமல் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் அத்தோடு ஒத்துக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு பையன் ஒத்துக்கொள்ளவில்லை. மை உள்ளேயே தங்கிவிட்டது, தண்ணீர் மட்டும் வடிகட்டி வெளியே வந்திருக்கிறது என்று சாதித்தான். எனக்குக் கோபமே வரவில்லை. கெட்டிக்கார வாதம் அது. வெறும் டம்ளரை, உள்ளே ஒரு சொட்டு இல்லாமல், பிரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு எடுத்து வந்து அவன் மேசை மேல் வைத்தேன். அதுவும் வியர்த்தது. அவன் விரலால் தொட்டுப் பார்த்தான், உள்ளே எட்டிப் பார்த்தான், அப்புறம் தலையைத் தூக்கி வகுப்பறைக் காற்றைச் சுற்றும் முற்றும் பார்த்தான். கண்ணுக்குத் தெரியாத நீர் தன்னைச் சுற்றி இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவனுக்குப் பிடிபட்டது.

தங்கள் படத்தில் கடலுக்கு மேல் வெள்ளைப் புகைபோல எதையோ வரைந்து 'நீராவி' என்று எழுதியிருக்கிறார்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கும் கெட்டிலின் மூக்கருகே ஒன்றுமே இல்லாததுபோல ஒரு சிறு இடைவெளி இருக்கும். நீராவி அங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டி வெள்ளையாகத் தெரிவது ஆவி குளிர்ந்து உண்டான நுண்துளிகள். (இதை ஆசிரியர்தான் செய்து காட்ட வேண்டும், பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும்.) மேகமும் அதே கதைதான்: நீர்த்துளிகளும் பனித்துகள்களும். காற்றில் மிதக்கும் தூசு, உப்பு, புகைத் துகள் எதன்மேலாவது ஆவி படிந்துதான் துளியாகிறது. அந்தத் துளி அத்தனை சிறியது. ஒரு மழைத்துளி உருவாக அப்படிப்பட்ட துளிகள் ஏறத்தாழ பத்து லட்சம் ஒன்று சேர வேண்டும். இதைச் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். மூன்று கலைச்சொற்களை மனப்பாடம் செய்யும்போது யாரும் வாயைப் பிளப்பதில்லை.

செடிக்கும் அந்தப் பக்கத்தில் வேலை கொடுக்கவில்லை. இலைகள் உள்ள ஒரு கிளையில் தெளிவான பிளாஸ்டிக் பையை மாட்டி வாயைக் கட்டிவிட்டால், நல்ல வெயிலில் சில மணி நேரத்திலேயே, இலைகள் வெளிவிட்ட ஆவி பைக்குள் நீராகச் சேர்ந்துவிடும். செலவே இல்லாத பாடம்.

இன்னொன்று. படம் பார்க்கிற குழந்தை, கடலில் கிளம்பும் ஒவ்வொரு துளியும் மலைக்குப் போய் ஆற்றில் இறங்கித் திரும்புகிறது என்று எண்ணிக்கொள்கிறது. உண்மையில் உலகில் பெய்யும் மழையில் முக்கால் பங்குக்கு மேல் கடலிலேயே விழுகிறது. ஆவியாகி மேலே போன நீர் சராசரியாக 9 நாள் அளவில் கீழே வந்துவிடும். நிலத்துக்குள் இறங்கியதோ ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூட அங்கேயே கிடக்கலாம். அதுவும் பாதாள ஏரியாக இல்லை. மணலின் இடுக்கிலும் பாறையின் விரிசலிலும் தேங்கி நிற்கிறது. ஒரு டம்ளர் மணலில் தண்ணீர் ஊற்றிக் காட்டினால் இது புரிந்துவிடும்.

ஊற்று நீர் பூமிக்குள்ளேயே உற்பத்தியாகிறது என்று பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள். ஆறுகள் ஓடுவதற்கு மழை மட்டும் போதாது என்று பெரிய அறிஞர்களே நம்பியிருந்தார்கள். 1674-இல் பியர் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் சேன் ஆற்றின் மேற்பகுதியில் பெய்யும் மழையைக் கணக்குப் போட்டு, அது ஆற்றில் ஓடும் நீரைப்போல ஆறு மடங்கு இருப்பதாகக் காட்டினார்.

என் பெரிய குறை இனிமேல்தான். அந்தப் படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. கிணறு இல்லை, வயல் இல்லை, அணை இல்லை, சாக்கடை இல்லை. இது தங்கள் ஓவியர் மட்டும் செய்கிற காரியமல்ல. 2019-இல் 'நேச்சர் ஜியோசயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, பல நாடுகளிலிருந்து திரட்டிய 464 நீர்ச் சுழற்சிப் படங்களைப் பார்த்தது. அவற்றில் 100-க்கு 85 படங்களில் மனிதச் செயல்பாடே இல்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் தன்னுடைய பழைய படத்தை மாற்றி, பாசனம், நகரம், அணை எல்லாம் சேர்த்த புதிய படத்தை 2022-இல் வெளியிட்டது. நாமும் மாற்றலாம். குழாயைத் திறந்து கை கழுவுகிற குழந்தை, அந்த நீர் எங்கிருந்து வந்தது, கழுவிய நீர் எங்கே போகிறது என்று கேட்க அந்தப் படத்தில் ஓர் இடம் வேண்டாமா?

ஆகவே ஒரு கோரிக்கை. அடுத்த முறை இந்தப் பாடத்தை எடுக்கும்போது அம்புகள் இல்லாத படத்தைப் போடுங்கள். சூரியன், கடல், மலை, மரம், வீடு, கிணறு இருக்கட்டும். மேகம்கூட வேண்டாம். அம்புகளைப் பிள்ளைகள் வரையட்டும். விடைப் படத்தை அடுத்த வாரம் போடுங்கள். தயவுசெய்து வழவழப்பான தாளில் அச்சடிக்க வேண்டாம், அதில் பென்சில் பிடிக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை