அந்த ஆல்பத்தை அவர்கள் வாசிக்கவே இல்லை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. இப்போது உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய விஷயம் ஒன்று கிடைத்திருக்கிறது.

போன சனிக்கிழமை ஒரு ஃப்ரீ ஜாஸ் கச்சேரிக்குப் போனேன். எழுதிவைத்ததை வாசிக்காமல், மேடையிலேயே கூடி உருவாக்குகிற இசை அது. மூன்றே பேர். டெனர் சாக்ஸபோன், டபுள் பாஸ், டிரம்ஸ். புது ஆல்பம் வெளியிட்டுவிட்டு ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். கச்சேரிக்கு முந்தின வாரம் முழுக்க நான் அந்த ஆல்பத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். கிட்டத்தட்ட மனப்பாடம். அதிலே இரண்டாவது உருப்படியில் ஓர் இடம் இருக்கிறது, கேட்கிற ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும். அந்த இடத்தை நேரில் கேட்கப்போகிறோம் என்ற ஆசையில்தான் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

ஆல்பத்திலிருந்து ஒரு ஸ்வரம்கூட வரவில்லை.

முதல் பத்து நிமிடம் எனக்கு ஏமாற்றம்தான். காது எதிரில் நடப்பதைக் கேட்காமல், வீட்டில் கேட்டதைத் தேடிக்கொண்டே இருந்தது. அப்புறம் டிரம்மர் சிம்பல் என்கிற உலோகத் தட்டில் சின்னதாக ஒன்றை எடுத்து ஸ்னேர் டிரம்மின் மேல் வைத்து, அதன் விளிம்பை வில்லால் இழுத்தார். கிணற்றுக் கப்பி கிறீச்சிடுமே, அப்படி ஒரு சத்தம். கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்த சாக்ஸ்காரர் கண்ணைத் திறந்தார். ஊதலைக் குறைத்து, குறைத்து, அந்தக் கிறீச்சின் சுருதிக்கே வந்து சேர்ந்தார். உலோகம் எங்கே முடிந்தது, மூச்சு எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. பாஸ்காரர் இரண்டு உள்ளங்கைகளையும் தந்திகள்மேல் வைத்து அழுத்தி, அசையாமல் நின்றார். ஒரு நிமிடத்துக்கு மேலேயே இருக்கும். வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்காமல் நின்று, மற்ற இரண்டு பேரையும் அத்தனை கூர்மையாகக் கேட்பதை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை. அவர் மறுபடி உள்ளே வந்தபோது ஒரே ஒரு அடித்தந்தி ஒலிதான் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நிமிடத்தில் உன்னைத்தான் நினைத்தேன். நம் அறையில் நான் சாக்ஸபோன்காரர் ஆல்பர்ட் அய்லரின் ஆல்பத்தைப் போட்டபோது நீ கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கிறதா? 'ஆளாளுக்கு அவங்க இஷ்டத்துக்கு ஊதுறாங்க, இதுல என்னடா இசை இருக்கு?' தாளம் அரை மாத்திரை பிசகினாலே முகம் சுளிக்கிறவன் நீ. அன்று எனக்குப் பதில் தெரியாமல் கோபப்பட்டேன். இத்தனை வருஷம் கழித்து இப்போது சொல்கிறேன், கேள்.

1964 ஜூலை 10ஆம் தேதி நியூயார்க்கில் அய்லரும், பாஸில் கேரி பீகாக்கும், டிரம்ஸில் சன்னி மரேயும் பதிவு செய்த 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி'தான் அன்று நான் போட்டது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் ஆல்பம். அதில் 'கோஸ்ட்ஸ்' என்ற ஒரே மெட்டு முதலிலும் வரும், கடைசியிலும் வரும். சின்னப் பிள்ளைகள் பாடிக்கொண்டு ஓடுகிற மாதிரி எளிமையான மெட்டு. முதல் தடவை ஐந்து நிமிடம், இரண்டாவது தடவை அதைப்போல் இரண்டு மடங்கு. ஒரே நாள், அதே மூன்று பேர். மெட்டைத் தாண்டியதும் இரண்டும் வேறு வேறு வழியில் போய்விடும். மரே தாளத்தை எண்ணிக் கொடுக்கமாட்டார். சிம்பலை ஓயாமல் அதிரவிட்டு, அதன்மேல் மற்ற இரண்டு பேரையும் மிதக்கவிடுவார். இஷ்டத்துக்கு ஊதினால் இது நடக்காது. அடுத்தவர் என்ன செய்கிறார் என்று ஒவ்வொரு நொடியும் காது கொடுத்தால்தான் நடக்கும். ஆலாபனைக்காவது ராகம் என்று ஒரு வேலி உண்டு. இவர்களில் ஒவ்வொருவருக்கும் வேலி மற்ற இரண்டு பேர்தான்.

கச்சேரி முடிந்து, மேஜைமேல் ஆல்பங்களை அடுக்கி வைத்துக்கொண்டு அவர்களே விற்றார்கள். பாஸ்காரரிடம் அந்த இரண்டாவது உருப்படியைப் பற்றிக் கேட்டேன். எந்த இடம் என்று விளக்கினேன், மெல்லப் பாடியும் காட்டினேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். ஞாபகம் வரவில்லை. பதிவு வேலை முடிந்த பிறகு அதைக் கேட்கவே இல்லை என்றார். எனக்கு மனப்பாடமாக இருக்கிற ஒன்று, அதை வாசித்தவருக்கே நினைவில் இல்லை!

பிறகு தன் விரல்களைக் காட்டினார். நுனியெல்லாம் சிவந்திருந்தது. டபுள் பாஸை விமானத்தில் ஏற்றுவது பெரிய செலவு, உடைந்துவிடும் என்ற பயம் வேறு. அதனால் போகிற ஊரில் யாரிடமாவது இரவல் வாங்கித்தான் வாசிக்கிறாராம். அன்று கிடைத்த பாஸில் தந்தி பலகையைவிட்டு நன்றாக எழும்பி நின்றிருக்கிறது, அழுத்த அழுத்த வலி. அதனால்தான் வேகமாக எதுவும் வாசிக்காமல் வில்லை வைத்து நீள நீளமாக இழுத்தேன் என்றார். அவர் இழுத்த இழுப்பைக் கேட்டுத்தான் டிரம்மரும் வில்லை எடுத்திருக்கிறார். என்னைக் கலங்க வைத்த அந்த நிமிடம் ஓர் இரவல் பாஸிலிருந்து பிறந்தது, யோசித்துப் பார்.

ஆல்பத்தோடு சுற்றுப்பயணம் என்றால் ஆல்பத்தில் இருப்பதை வாசிக்கப் போகிறார்கள் என்று நான் நினைத்தது தப்பு. இவர்களுக்கு வேலையே சுற்றுப்பயணம்தான். பியானோவில் ஜெர்மனியின் அலெக்சாண்டர் ஃபான் ஷ்லிப்பன்பாக், சாக்ஸபோனில் இங்கிலாந்தின் எவன் பார்க்கர், டிரம்ஸில் ஜெர்மனியின் பால் லோவன்ஸ் மூவரும் 1972இல் பதிவு செய்த ஆல்பத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் சேர்ந்தே வாசித்தார்கள். டிசம்பர் மாதங்களில் ஊர் ஊராகப் போவார்கள். இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பாடல் தொகுப்பின் பெயரான 'குளிர்காலப் பயணம்' என்பதையே அந்தச் சுற்றுக்கும் வைத்திருந்தார்கள். அத்தனை வருஷம் பழகியவர்கள் ஒருவரையொருவர் இன்னும் ஆச்சரியப்படுத்த முடியுமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. நம் இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டேன், சந்தேகம் போய்விட்டது.

இதில் காசு கிடையாது. கிளாரினெட்டில் ஜிம்மி ஜூஃப்ரே, பியானோவில் பால் ப்ளே, பாஸில் ஸ்டீவ் ஸ்வாலோ மூவரும் 1961, 62இல் மூன்று அருமையான ஆல்பங்கள் செய்தார்கள். ஐரோப்பாவுக்கும் போய் வாசித்தார்கள். டிரம்ஸே இல்லாத மூவர் குழு அது, நீ கேட்டால் உனக்குப் பிடிக்கும். கடைசியில் நியூயார்க் காபிக் கடை ஒன்றில் வாசித்து ஆளுக்கு 35 சென்ட் கிடைத்த இரவோடு குழுவைக் கலைத்துவிட்டார்கள். முப்பது ஆண்டு கழித்து 1992இல் அவற்றில் இரண்டு ஆல்பங்கள் மறுபதிப்பாக வந்து பேரெடுத்தன. ஆல்பம் என்று ஒன்று இல்லாமலிருந்தால் அந்தக் குழு இருந்த தடமே பலருக்குத் தெரிந்திருக்காது. அதனால் ஆல்பம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாம் நூறு தடவை கேட்டுக் கேட்டு அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவைத்திருக்கிற இடத்தில், வாசித்தபோது அவர்களுக்கு அது தெரியாது. அந்தத் தெரியாமையை ஒரே ஒரு தடவைதான் நாமும் அனுபவிக்க முடியும். நான் ஒரே வாரத்தில் அதைத் தீர்த்துவிட்டேன்.

உனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. ஒரு பிரதி கூடுதலாக வாங்கினேன், மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கி இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அம்மா தூங்கின பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேள். பிடிக்காவிட்டால் பழையபடி திட்டி எழுது, இந்தத் தடவை கோபப்படமாட்டேன்.

அந்த இரண்டாவது உருப்படியில் என்ன வருகிறது என்று உனக்குச் சொல்லப்போவதில்லை.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்