சட்டைப்பை இணையம் ஐபோனோடு தொடங்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கையடக்க இணையக் கருவிகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை 2007-ல், ஐபோனிலிருந்துதான் கதையைத் தொடங்குகிறது. அதற்கு முந்தையதை விட்டுவிட்டால் நடுவில் எதைப் பறிகொடுத்தோம் என்பதே தெரியாமல் போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன்.

2005 கடைசியில் நோக்கியா 770 என்ற கையடக்க இணையக் கருவி விற்பனைக்கு வந்தது. அதில் சிம் போட இடமே கிடையாது. வைஃபை இருந்தால் அதில் இணையும், இல்லாவிட்டால் பையில் இருக்கிற செல்போனை புளூடூத் வழியாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் திரை 800-க்கு 480 புள்ளிகள். பிறகு வந்த முதல் ஐபோனுக்கே 480-க்கு 320 தான். பெரும்பாலான செல்போன்கள் இணையப் பக்கத்தை வெட்டிச் சுருக்கிக் காட்டிய காலத்தில், கணினியில் பார்க்கிற அதே பக்கம் உள்ளங்கையில் விரிந்தது சாதாரண விஷயமா? வேகம் போதாது, உண்மைதான், 64 எம்பி ராமை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்.

அப்புறம் இன்டெல் நிறுவனமும் இந்த வகைக் கருவிகளுக்காகவே 2008-ல் ஆட்டம் சிப்பைக் கொண்டுவந்தது. ஆனாலும் அந்தக் கருவிகள் எடுபடவில்லை. போனிலேயே நல்ல பிரவுசர் வந்த பிறகு இன்னொரு கருவியை யார் சுமப்பார்கள்? நோக்கியாவே 2009-ல் அதே வரிசையில் வந்த என்900 என்ற கருவியில் சிம்மையும் சேர்த்துவிட்டது.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் கருவிகள் வாங்கியவருக்கே சொந்தமாக இருந்தன. உள்ளே ஓடியது லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளம், வேண்டிய மென்பொருளை எங்கிருந்தும் எடுத்துப் போடலாம், பின்மூடியைத் திறந்து பேட்டரியை நாமே மாற்றலாம். 770-க்கு அதிகாரபூர்வமான புதுப்பிப்பு நின்ற பிறகும் ஆர்வலர்களுக்கென்று மென்பொருளின் தனிப் பதிப்பு வெளிவந்தது. என்900-ல் ஓடுவதற்காக மேமோ லெஸ்டே என்ற இயங்குதளத்தைத் தன்னார்வலர்கள் பிற்காலத்திலும் உருவாக்கினார்கள்.

இன்றைக்கு? பேட்டரியை ஒட்டிவிடுகிறார்கள், கருவியை இயக்கியதும் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கிற பூட்லோடர் என்ற நிரலை, வேறு இயங்குதளம் போட முடியாதபடி பூட்டிவிடுகிறார்கள், சில வருடங்களில் புதுப்பிப்பு நின்றதும் வங்கிச் செயலி ஓட மறுக்கிறது, திரையும் சிப்பும் நன்றாக இருக்கிற கருவி மேசை டிராயருக்குள் போகிறது. காசு கொடுத்து வாங்கியவருக்கு இது அநியாயம் இல்லையா?

ஐரோப்பிய ஒன்றியம் கொஞ்சம் விழித்துக்கொண்டிருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு தர வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 20 முதல் அங்கே நடைமுறைக்கு வந்தது. 2027 பிப்ரவரியிலிருந்து பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிற விதியும் வருகிறது, அதில் சில விலக்குகள் உண்டு. சரி, நல்லதுதான். ஆனால் புதுப்பிப்பு தரும் காலம் முடிந்ததும் பூட்லோடர் பூட்டைத் திறந்து கொடுத்துவிட வேண்டும் என்று கேட்கும் விதியும் வேண்டும், இனிமேல் ஆதரவு தர மாட்டேன் என்று சொல்கிற நிறுவனத்துக்கு அந்தச் சாவி எதற்கு?

உங்களிடம் ஒரு கோரிக்கை. புதிய போன்களுக்கு விமர்சனம் எழுதும்போது கேமரா மெகாபிக்சலோடு நிறுத்திவிடாமல், எந்த வருடம் வரை புதுப்பிப்பு வரும், பேட்டரியை நாமே மாற்றலாமா, பூட்லோடரைத் திறக்க விடுவார்களா என்ற மூன்றையும் தயவுசெய்து தவறாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்