இந்தப் போகிக்கு நோட்டுகளை எரிக்க வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

கிழிந்த பாயோடும் முறத்தோடும் பிள்ளைகளின் பழைய நோட்டுகளும் போகி நெருப்பில் போவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். இந்த முறை அவற்றைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள்.

போன வாரம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய தேர்வுத்தாள்களைக் கிழித்து வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டார்கள். அரைக்கச் சத்துணவுக்கூடத்து மிக்ஸியைக் கேட்டேன். ஆயாம்மா முறைத்த முறைப்பில் என் வீட்டு மிக்ஸியையே தூக்கி வந்தேன். தோசை மாவைவிட நீர்க்க இருந்த கூழைக் கொசுவலையில் வாரி, துணியால் ஒற்றி, வெயிலில் போட்டால் முரட்டுத் தாள் ஒன்று வந்துவிட்டது. பேனா மை கரைந்து லேசான நீலம். ஓரத்தில் அரைபடாத ‘ழ’ ஒன்று அப்படியே ஒட்டியிருக்கிறது. என் அறையில்தான் இருக்கிறது, வந்து பாருங்கள்.

ஆலையிலும் இதே வேலைதான். தொட்டியில் கலக்கி, ஸ்டேப்ளர் பின், பிளாஸ்டிக்கைச் சல்லடையில் பிரித்து, உருளைகளுக்கிடையே பிழிந்து, சூடான உருளைகளில் உலர்த்துகிறார்கள். ஒவ்வொரு முறை கூழாகும்போதும் காகிதத்திலுள்ள நார் குட்டையாகிறது. ஐந்து முதல் ஏழு சுற்றுக்குமேல் தாங்காது. அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துப் பாருங்கள்: இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே அலை அலையாய் ஒரு தாள். பெட்டிக்கு வலு அந்த அலைதான். பழைய நோட்டு அப்படி ஒரு பெட்டியாகவும் மறுபடி வரலாம்.

புது நாருக்கு மரம்தான் வேண்டும் என்பதில்லை. காவிரியில் நமக்கு மேற்கே, கரூர் மாவட்டம் காகிதபுரத்தில், 1980களிலிருந்து கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறார்கள். “பொங்கக் கரும்பு மென்னு துப்புறதையும் குடுக்கலாமா டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். தம்பி, சர்க்கரை ஆலைச் சக்கை போதும்!

ஒரு வேண்டுகோள். காகிதம் காய்ந்திருக்க வேண்டும். போன ஐப்பசியில் வராந்தாவில் அடுக்கிய மூட்டைகளில் சாரல் அடித்து, பேப்பர் கடைக்காரர் ஒரு மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தப்பு என்னுடையதுதான். பரோட்டா கட்டிய எண்ணெய்த் தாள், உள்ளே பிளாஸ்டிக் பூசிய டீ கப், ஏடிஎம் சீட்டு எதுவும் வேண்டாம். ஸ்பைரல் கம்பியைக் கழற்றிவிடுங்கள். எழுதாத பக்கங்களைக் கிழிக்காதீர்கள். அவற்றைத் தைத்து ரஃப் நோட்டாக்கப் போகிறோம்.

போகிக்கு முந்தின நாள் மாலைக்குள் கொடுத்தால் போதும். விற்ற கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசிப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி
திருவையாறு அருகில்