300 என்ற வேலிக்கு வெளியே நிற்கும் சந்திரா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் இந்திய டெஸ்ட் வரலாற்றின் மகத்தான பந்து வீச்சாளர்கள் என்று ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. 300 விக்கெட்டைத் தாண்டிய 7 பேரின் படங்களும் எண்களும் போட்டிருந்தீர்கள். கும்ப்ளே 619, அஸ்வின் 537, கபில் தேவ் 434, ஹர்பஜன் 417, அப்புறம் ஜடேஜா, ஜாகீர் கான், இஷாந்த் சர்மா. இவர்கள் எல்லார் மேலும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் 1970களில் ஆடிய லெக் ஸ்பின் சுழற்பந்து வீச்சாளர் ‘சந்திரா’, அதாவது பி.எஸ். சந்திரசேகர் பெயர் கண்ணில் படவில்லை. அன்று முழுக்க மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் 34 ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தவள். 58 மதிப்பெண்ணுக்குத் தேர்வு எழுதிய பிள்ளையையும் 131 மதிப்பெண்ணுக்கு எழுதிய பிள்ளையையும் வாங்கிய மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ரேங்க் போட எந்த வாத்தியாருக்கும் மனசு வராது. சந்திரா ஆடியது 58 டெஸ்ட், எடுத்தது 242 விக்கெட். ஒரு டெஸ்டுக்கு 4.17 வருகிறது. ஹர்பஜனுக்கு 103 டெஸ்டில் 4.05. 131 டெஸ்ட் ஆடிய கபிலுக்கும், ஜாகீர், இஷாந்த் இருவருக்கும் இதைவிடக் குறைவு. வேகப்பந்து வீச்சாளரைச் சுழற்பந்து வீச்சாளரோடு இப்படி ஒப்பிடுவது முழு நியாயம் இல்லை, அதுவும் செத்த ஆடுகளங்களில் ஆண்டுக்கணக்கில் தனியாளாக உழைத்த கபிலுக்கு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 300 என்று ஒரு வேலி கட்டினால் யார் யார் வெளியே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

58 டெஸ்ட்தானே ஆடினார் என்று இளைஞர்கள் கேட்கலாம். அந்தக் காலத்தில் டெஸ்ட் கிடைப்பதே அரிது. 1970ஆம் ஆண்டு முழுக்க இந்தியா ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. 1972-73இல் இங்கிலாந்து இங்கே வந்தபோது சந்திரா 5 டெஸ்டில் 35 விக்கெட் எடுத்தார். ஒரே தொடரில் இந்தியர் ஒருவர் எடுத்த அதிகபட்சம் இன்றுவரை அதுதான். அந்தத் தொடர் 1973 பிப்ரவரியில் முடிந்தது. இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடியது 1974 ஜூனில்! கை நன்றாகச் சுழன்றுகொண்டிருந்த நேரத்தில் 16 மாதம் சும்மா உட்கார வேண்டியிருந்தது. அதற்கும் சேர்த்து அவருக்கு மதிப்பெண் குறைப்பது எந்தக் கணக்கு?

1971 ஆகஸ்ட் 23, திங்கள்கிழமை. எனக்கு 11 வயது. எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் மர்பி ரேடியோ. அப்பா இங்கிலீஷ் வர்ணனையைக் கேட்டுத் தமிழில் சொல்லச் சொல்ல, பழைய நோட்டின் பின்பக்கத்தில் ஸ்கோர் எழுதுவது என் வேலை. ஓவல் மைதானம், இங்கிலாந்தின் இரண்டாவது இன்னிங்ஸ். அம்மா விளக்கு வைக்கும் நேரம், அங்கே மதிய உணவுக்குச் சற்று முன்பு. இங்கிலாந்து மட்டையாளர் ஜான் எட்ரிச்சுக்கு ‘மில் ரீஃப்’ போடு என்று நம் அணியின் சர்தேசாய் சந்திராவிடம் சொன்னாராம். மில் ரீஃப் அந்த ஆண்டு டெர்பி ஜெயித்த பந்தயக் குதிரை. வேகமான பந்து என்று அர்த்தம். மட்டை இறங்குவதற்குள் ஸ்டம்ப் போய்விட்டது. அடுத்த பந்தில் பிளெட்சர், சோல்கர் கையில் கேட்ச். 24 ரன்னுக்கு 3 விக்கெட். அப்பா எழுந்து நின்றே விட்டார். இங்கிலாந்து 101க்குச் சுருண்டது. சந்திரா 38 ரன் கொடுத்து 6 விக்கெட். மறுநாள் இந்தியா ஜெயித்தது. இங்கிலாந்து மண்ணில் நமக்கு அதுதான் முதல் டெஸ்ட் வெற்றி. அந்தத் தொடருக்கு முன் மூன்று ஆண்டுக்கு மேல் அவர் அணியிலேயே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஹெல்மெட் இல்லாத காலத்தில் மட்டைக்குப் பக்கத்திலேயே குனிந்து நின்ற ஏக்நாத் சோல்கரையும் சொல்லாமல் இருக்க முடியாது. 27 டெஸ்டில் 53 கேட்ச். சந்திராவின் விக்கெட்டுகளில் பாதிப் புண்ணியம் அவருக்குத்தான் என்று அப்பா சொல்வார். ஓவலில் வெங்கட்ராகவன் பந்தில் ஆலன் நாட் என்ற இங்கிலாந்து வீரர் கொடுத்த கேட்சை அவர் பாய்ந்து பிடித்த படத்தை அப்பா வெட்டி வைத்திருந்தார்.

என் அண்ணனுக்குச் சின்ன வயதிலேயே போலியோவால் வலது கால் சூம்பிவிட்டது. தெருவில் கிரிக்கெட் என்றால் அவரை அம்பயராக நிறுத்திவிடுவார்கள். சந்திராவின் வலது கை போலியோவில் மெலிந்துபோன கை, பந்தை எறிவதற்கு இடது கை, பந்து வீசுவதற்கு மட்டும் அந்த வலது கை என்று அப்பா படித்துச் சொன்ன அன்று அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், துணி துவைக்கும் கல்லை ஸ்டம்பாக வைத்து, இரண்டே அடி எடுத்து வைத்து லெக் ஸ்பின் போட ஆரம்பித்தார். பள்ளி அணியில் அவரைக் கடைசி வரை சேர்க்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் அப்புறம் அவரை யாரும் அம்பயராக நிறுத்தவில்லை.

இங்கிலாந்தோடு நடந்த அந்தத் தொடரின் 1973 பொங்கல் டெஸ்டுக்கு அப்பா எங்கள் இருவரையும் சென்னைக்குக் கூட்டிப்போனார். திருவல்லிக்கேணியில் அத்தை வீடு, அங்கிருந்து சேப்பாக்கத்துக்கு நடை. முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு சந்திரா ஓடி வந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. லெக் ஸ்பின்னர் என்றால் பந்தை மெதுவாகத் தூக்கிப் போடுவார் என்று நினைத்திருந்தேன். இவர் பந்து வேகப்பந்து போல விர்ரென்று போனது. முதல் இன்னிங்ஸில் 90 ரன்னுக்கு 6 விக்கெட். அந்த டெஸ்டையும் ஜெயித்தோம், தொடரையும் ஜெயித்தோம்.

ஆஸ்திரேலிய மண்ணில் நமக்கு முதல் டெஸ்ட் வெற்றி 1977-78 தொடரில் மெல்போர்னில் கிடைத்தது. அங்கே சந்திரா இரண்டு இன்னிங்ஸிலும் அச்சு அசலாக 52 ரன்னுக்கு 6 விக்கெட். அவர் ஆடி இந்தியா ஜெயித்த டெஸ்ட்கள் 14. அவற்றில் அவர் எடுத்தது 98 விக்கெட், அதாவது டெஸ்டுக்கு 7. எண்களைத்தான் மதிப்போம் என்றால் இந்த எண்ணையும் அல்லவா அச்சிட வேண்டும்?

சுபாஷ் குப்தேவுக்கும் இதே கதிதான். 36 டெஸ்டில் 149 விக்கெட், கான்பூரில் ஒரே இன்னிங்ஸில் 9. தான் பார்த்த லெக் ஸ்பின்னர்களில் சிறந்தவர் அவர்தான் என்று மேற்கிந்தியத் தீவுகளின் மேதை கேரி சோபர்ஸ் சொல்லியிருக்கிறார். டெல்லி ஓட்டலில் அறையில் உடன் இருந்தவர் செய்த ஒரு தொலைபேசி அழைப்புக்காக 1961இல் குப்தேவையும் ஒதுக்கினார்கள். அதன்பின் அவர் டெஸ்ட் ஆடவே இல்லை. சந்திராவோடு ஆடிய சுழற்பந்து வீச்சாளர்கள் பேடி, பிரசன்னா பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏன், பும்ராவே உங்கள் பக்கத்தில் இல்லையே! 2024 டிசம்பரில் 200ஆவது விக்கெட் எடுத்தபோது அவர் ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்னின் சராசரி 20க்குக் கீழே. உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத பெருமை. 300 வரட்டும், அப்புறம் சேர்க்கலாம் என்று காத்திருப்பதா?

முதலிடம் யாருக்கு என்று நான் சண்டை பிடிக்க வரவில்லை. அஸ்வின் நம்ம ஊர்ப் பிள்ளை, 37 தடவை 5 விக்கெட் எடுத்தவர், அவரை உச்சியில் வைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். கும்ப்ளேதான் முதல் என்று அண்ணன் சொல்கிறார், அதற்கும் சரி. நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஞாயிறு அரைப் பக்கமாவது ஒதுக்கி, 300 எட்டாத இந்த மனிதர்களைப் பற்றி எழுதுங்கள். சந்திராவின் அந்த முழுக்கைச் சட்டைப் படம் உங்கள் நூலகத்தில் இருந்தால் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். அண்ணனுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மயிலாடுதுறை.