50 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி 32 ஏ.எச். கூடத் தரவில்லை: வாரன்டி மறுப்பு குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: 12.8 வோல்ட், 50 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு வாரன்டி மறுத்தது

ஐயா / அம்மா,

மேற்கண்ட பேட்டரியையும் அதன் சார்ஜரையும் உங்களிடம் வாங்கினேன். வாரன்டி 3 வருடம். முதல் வருடமே முடியவில்லை. பழுதென்று அனுப்பினால், "அமெச்சூர் ரேடியோவுக்குப் பயன்படுத்தியதால் வாரன்டி பொருந்தாது" என்று ஒரு வரி எழுதி அப்படியே திருப்பிவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதில்.

நான் உரிமம் பெற்ற ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோவில் பேசித் தொடர்புகொள்பவர்களில் ஒருவர். இருப்பது வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போனும் எடுக்கவில்லை. அப்படி ஒரு நாள் வந்தால் முகாமுக்கே தூக்கிப்போய் ரேடியோவை ஓட்டலாம் என்றுதான் லித்தியம் வாங்கினேன். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். டியூபுலர் (ஈய-அமில) பேட்டரியை நகர்த்தவே இரண்டு ஆள் வேண்டும். மற்ற நாட்களில் இது வைஃபை ரௌட்டருக்கும் இரண்டு டி.சி. விளக்குக்கும்.

இனி பழுது. என் ரேடியோ கேட்கும்போது ஏறக்குறைய 1 ஆம்பியர் எடுக்கும். 100 வாட்டில் பேசும்போது உச்சத்தில் 20 ஆம்பியர் சொச்சம். பேட்டரி லேபிளில் நீங்கள் அச்சிட்டிருப்பது தொடர்ச்சியாக 50 ஆம்பியர். ஆனால் சார்ஜ் பாதி இருக்கும்போதே, மைக்கை அழுத்திப் பேசினால் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) சப்ளையை வெட்டிவிடுகிறது. காரணத்தை உங்கள் ஆப்பே காட்டுகிறது: மூன்று செல்கள் 3.2 வோல்ட்டை ஒட்டி நிற்க, நான்காவது மட்டும் லோடு ஏறியதும் 2.5-க்குச் சரிகிறது. 10 ஆம்பியர் லோடு வைத்தும் பார்த்தேன். 5 மணி நேரம் வர வேண்டியது 3 மணி 10 நிமிடத்தில் நின்றுவிட்டது. 32 ஏ.எச். கூட இல்லை. வயர் மேல் பழி போட வேண்டாம். அதே வயர், அதே ஃபியூஸ், அதே ரேடியோ டியூபுலரில் பிசகில்லாமல் ஓடுகிறது.

"இன்வெர்ட்டருக்கு மட்டும்தான்" என்று உங்கள் சர்வீஸ் ஆள் போனில் சொன்னார். சரி, கணக்கைப் பார்ப்போம். 12 வோல்ட் இன்வெர்ட்டரில் 400 வாட் லோடு போட்டாலே பேட்டரியிலிருந்து 35 ஆம்பியர் போகும், அதுவும் இடைவிடாமல். நான் பேசுவதோ விட்டு விட்டு, அதிகபட்சம் 20 சொச்சம். 35-ஐத் தாங்குவது 20-இல் எப்படிக் கெட்டுப்போகும்? ரேடியோவுக்குக் கூடாது என்று வாரன்டி அட்டையிலும் எங்கும் இல்லை.

அப்புறம் அந்த சார்ஜர். பிளக்கில் செருகியதும் ரேடியோவில் 40 மீட்டர் பேண்ட் (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) முழுக்க ஒரே இரைச்சல். பிடுங்கினால் உடனே அடங்குகிறது. வயரில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் மாட்டியும் பெரிதாகக் குறையவில்லை. இதற்கு வாரன்டி கேட்கவில்லை, உள்ளே ஒரு நல்ல ஃபில்டர் வையுங்கள் என்று உங்கள் டிசைன் ஆட்களிடம் சொன்னால் போதும்.

பேட்டரியை மாற்றித் தாருங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்புங்கள். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில், வாரன்டி அட்டை நகல்களையும் ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்களையும் இணைத்துள்ளேன். வடகிழக்குப் பருவமழை நெருங்குவதால் தாமதம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வேதாரண்யம்