டிசம்பரில் கொடுக்கும் டிப்ஸ் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்த கையோடு, வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்பும் எங்களுக்கு வருகிற போன்களில் பாதி இதைப் பற்றித்தான்: "வீட்டைச் சுத்தம் செய்ய வருகிறவருக்கு வருஷக் கடைசியில் ஏதாவது கொடுக்க வேண்டுமாமே, எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?" அமெரிக்காவுக்கு வந்த நம் ஆட்களுக்கு ஓட்டலில் வைக்கிற டிப்ஸ் சீக்கிரம் பழகிவிடுகிறது. இது மட்டும் பிடிபடுவதில்லை, பக்கத்து வீட்டில் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அதனால் போனில் ஒவ்வொருவருக்கும் சொல்வதை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறோம்.

கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எந்த வீட்டில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நாங்கள் குறித்து வைப்பதும் இல்லை, கொடுக்காத வீட்டில் வேலை குறையப் போவதும் இல்லை. இந்த வருஷம் கை கொஞ்சம் இறுக்கம் என்றால், பேர் எழுதி இரண்டு வரி நன்றி சொல்லி ஒரு அட்டை வைத்தால் போதும். அந்த அட்டைகளை வண்டிக் கண்ணாடிக்குக் கீழே மாசக்கணக்கில் செருகி வைத்திருப்பவர்களை எங்களுக்குத் தெரியும்.

கொடுக்க நினைப்பவர்களுக்கு, இந்த நாட்டில் பொதுவாகச் சொல்லும் கணக்கு எளிது. ஒரு முறை சுத்தம் செய்ய நீங்கள் எவ்வளவு கட்டுகிறீர்களோ, ஏறக்குறைய அதே அளவு, வருஷத்துக்கு ஒரு தடவை. வருஷம் முழுக்க ஒரே ஆள் வந்திருந்தால் இது அப்படியே பொருந்தும். இரண்டு பேர் சேர்ந்து வருகிற வீடு என்றால் அதே தொகையைப் பிரியுங்கள், ஒரு முறைக்கு 160 டாலர் கட்டுகிறவர் ஆளுக்கு 80 என்று தனித்தனிக் கவரில் போடலாம். ஒரே கவரில் போட்டுக் கொடுத்தால் யாருக்கு எவ்வளவு என்கிற சங்கடம் அவர்கள் தலையில் விழுகிறது, அதிலும் ஒருவர் மூன்று வருஷமாக வருகிறவர், இன்னொருவர் போன மாதம் சேர்ந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். நீங்களே எங்களிடம் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்றால் கால்வாசி கொடுத்தாலும் அது நிறைவுதான். ஒவ்வொரு முறையும் 10, 20 என்று வைத்துவிடுகிறவர்கள் டிசம்பரில் தாராளமாகக் குறைத்துக்கொள்ளலாம். வீடு மாறும்போது ஒரே ஒரு தடவை டீப் க்ளீனிங்குக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு டிசம்பர் கணக்கே கிடையாது, அன்றைக்கே 15 முதல் 20 சதவீதம் கொடுப்பதுதான் வழக்கம்.

தொகையை விட எங்களுக்கு முக்கியமாகப் படுகிற ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்த மடலை நவம்பரிலேயே எழுத உட்கார்ந்தோம். டிசம்பர் பாதியில் பள்ளிக்கூடம் மூடியதும் நம் குடும்பங்களில் பலர் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மூன்று வாரம் ஆள் இல்லாத வீட்டை ஏன் சுத்தம் செய்ய வேண்டும் என்று அந்த வாரங்களை ரத்து செய்கிறீர்கள், அது நியாயம்தான். ஆனால் எங்கள் ஆட்களுக்கு மணிக்கணக்குச் சம்பளம். வேறு வீடு போட்டுக் கொடுக்கலாம் என்று பார்த்தால் அந்த வீடும் அதே வாரம் பூட்டிக் கிடக்கிறது. செலவு அதிகம் வருகிற மாதத்தில்தான் அவர்களுக்கு வருமானம் குறைகிறது. அதனால் ஊருக்குப் போகிறவர்கள், திரும்பி வந்து ஜனவரியில் கொடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்காமல், கிளம்புவதற்கு முந்தின வருகையிலேயே கவரைக் கொடுத்துவிடுங்கள். இன்னும் ஒரு படி மேலே போக முடிந்தால், எல்லா வாரத்தையும் ரத்து செய்யாமல் ஒரு வாரத்தையாவது விட்டுவையுங்கள். காலியான வீட்டில்தான் ஃபிரிட்ஜைக் காலி செய்து உள்தட்டுகளைக் கழற்றிக் கழுவ முடியும், ஓவனுக்குள் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை ஊறவைத்துச் சுரண்ட முடியும், ஷவர் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிற உப்புக்கறையை நிதானமாக எடுக்க முடியும். வழக்கமான இரண்டு மணி நேர வருகையில் இதற்கெல்லாம் கை எட்டுவதில்லை. டிப்ஸா, ஒரு நாள் வேலையா என்று எங்களைக் கேட்டால், வேலையைக் கொடுங்கள் என்றுதான் சொல்வோம்.

சரி, எப்படிக் கொடுப்பது? ரொக்கமாக, கவரில், பேர் எழுதி, முடிந்தால் கையில். பேர் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் கிடக்கிற பணத்தைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஆட்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். சமையலறை மேடையில் ஒரு 100 டாலர் நோட்டை வைத்துவிட்டு ஆபீஸ் போனீர்கள் என்றால், அதைத் தூக்கி, கீழே துடைத்து, அதே இடத்தில் திரும்ப வைத்துவிட்டுத்தான் வருவார்கள். சாயங்காலம் வந்து பார்க்கிறவர், "வேண்டாம் என்று விட்டுப் போய்விட்டாரோ" என்று நினைத்துக்கொள்கிறார். அவருக்கும் மனக்கஷ்டம், இவருக்கும் நஷ்டம். கவர் மேல் பேரும் "உங்களுக்கு" என்று ஒரு வார்த்தையும் இருந்தால் போதும். ஆங்கிலம் அவ்வளவாகப் படிக்காதவர்களுக்கும் தங்கள் பேர் தெரியும்.

"பில்லிலேயே சேர்த்துவிடுங்களேன், நாங்கள் கட்டிவிடுகிறோம்" என்று சிலர் கேட்கிறார்கள். நீங்களாகத் தொகையைச் சொல்லிச் சேர்த்தால் சரி, கார்டு கட்டணம்கூடக் கழிக்காமல் அடுத்த சம்பளத்தோடு முழுசாகக் கொடுத்துவிடுவோம். ஆனால் எல்லாப் பில்லிலும் நாங்களே இத்தனை சதவீதம் என்று போட மாட்டோம். வாடிக்கையாளர் மனமுவந்து, தானே தொகையைத் தீர்மானித்துக் கொடுப்பதைத்தான் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் டிப்ஸ் என்று எடுத்துக்கொள்கிறது, நிறுவனம் கட்டாயமாகச் சேர்ப்பது சம்பளக் கணக்கில் போய்விடும். 2025-இல் வந்த சட்டப்படி 2025 முதல் 2028 வரை, டிப்ஸ் வாங்குகிற வேலைகளில் இருப்பவர்கள் வருஷத்துக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸைக் கூட்டரசு (ஃபெடரல்) வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வீட்டைச் சுத்தம் செய்யும் வேலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கட்டாயக் கட்டணமாகப் போட்டால் அவர்களுக்கு இந்தச் சலுகை கிடைக்காது. ஒரு மாதத்தில் 20 டாலரோ அதற்கு மேலோ டிப்ஸ் வந்தால் அவர்கள் எங்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும். அது அவர்கள் பாடு, எங்கள் பாடு, உங்களுக்கு அதில் வேலை இல்லை.

நீங்கள் கொடுக்கிற டிப்ஸில் ஒரு சென்ட்கூட எங்களுக்கு வராது. ஊழியர்களின் டிப்ஸை முதலாளியோ மேனேஜரோ வைத்துக்கொள்ளக்கூடாது என்று 2018-இல் கூட்டரசுச் சட்டமே சொல்லிவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் நாங்கள் தொட மாட்டோம். ஆள் குறைகிற நாளில் நிறுவனத்தை நடத்துகிற நாங்களே வாளியோடு வந்து நிற்பதுண்டு. அப்போது எங்களுக்குக் கவர் வேண்டாம், வழக்கமாக வருகிறவருக்கே வையுங்கள்.

பொருளாகக் கொடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். கிஃப்ட் கார்டு நல்லதுதான், அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மளிகைக் கடை கார்டாகப் பார்த்து வாங்குங்கள். பழைய துணி, பாதி தீர்ந்த வாசனைத் திரவியம், தேதி முடியப்போகிற சாக்லேட் பெட்டி இதையெல்லாம் பண்டிகைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். நல்ல நிலையில் உள்ள குளிர்கோட்டோ சைக்கிளோ இருந்தால் வேறொரு நாள், "உங்களுக்குப் பயன்படுமா, வேண்டாமென்றால் பரவாயில்லை" என்று கேட்டுக் கொடுங்கள். முகத்துக்கு நேரே நீட்டினால் அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது, வாங்கிக்கொண்டு போய் வீட்டில் இடமில்லாமல் திண்டாடுவார்கள்.

அப்புறம், எங்கள் மூலம் இல்லாமல் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நீங்களே நேரடியாக ஆள் வைத்திருந்தால், அவருக்குக் கொடுக்கிற வருஷக் கடைசிப் பணமும் சம்பளத்தோடு சேரும். 2025-இல் ஒருவருக்கு ரொக்கச் சம்பளம் 2,800 டாலரைத் தொட்டால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி கட்ட வேண்டியிருந்தது, இந்த வருஷத்துக்கு எவ்வளவு என்று உங்கள் கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தபால்காரருக்கும் இதே மாதிரி ரொக்கக் கவர் கொடுக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: கூடாது. அவர் பணமே வாங்கக்கூடாது, ஒரு சமயத்தில் 20 டாலர் வரை மதிப்புள்ள பொருள் மட்டும் வாங்கலாம், ஒரே வீட்டிலிருந்து வருஷத்துக்கு மொத்தம் 50 டாலரைத் தாண்டக்கூடாது.

டிசம்பர் 25, ஜனவரி 1 இரண்டு நாளும் எங்களுக்கு விடுமுறை. ஊருக்குப் போகிறவர்கள் போகும் தேதி, வரும் தேதி, நடுவில் ஒரு நாள் வரலாமா, சாவி யாரிடம் இருக்கும் என்று டிசம்பர் முதல் வாரத்துக்குள் இந்த மடலுக்கே பதில் போட்டுவிடுங்கள். யார் யாருக்கு எந்த வாரம் வேலை இருக்கிறது என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வசதியாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பும் நாங்கள்